பட்டு விளையாத பட்டு நகரம்

வீட்டிலே ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், மேளம், பந்தல், சமையற்காரர் ஆகிய சகல ஏற்பாடுகளுக்கும் முன்னதாக எழும் பேச்சு ஒன்று உண்டு. "முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் என்றைக்குப் போவது?" என்பதுதான் அது. அந்தச் சமயத்தில், பி.ஏ. வகுப்பிலே புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளை ஒருவன் கூடத்தில் உட்கார்ந்திருந்து, "ஏன் அம்மா, அங்கேதான் போகவேண்டுமா? காஞ்சிபுரத்தில் பட்டு விளைகிறதா என்ன?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். "இதென்னடா கேள்வி? காஞ்சிபுரம் என்றால் பட்டு, பட்டு என்றால் காஞ்சிபுரம்" என்று தாயார் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவாள்.

வீட்டு விவகாரத்துக்கு அந்தப் பதில் போதும். ஆனால் பிள்ளை கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. ஒரு சாஸ்திரமே அதில் அடங்கியிருக்கிறது. அதற்குப் பொருளாதாரப் பூகோளம் என்று பெயர். இக்காலக் கல்லூரிப் பாடத்தில் பொருளாதாரப் புவியியல் என்கிறார்கள்.

பூகோளம் என்றதும், எந்த நதி எங்கே உற்பத்தியாகிறது, எந்தத் துறைமுகத்தில் எந்தச் சரக்கு ஏற்றுமதியாகிறது என்று நெட்டுருப் போட்ட பள்ளிக்கூட நாட்கள் பலருக்கு நினைவு வரலாம். இந்த சாஸ்திரமும் முதலில் அப்படித்தான் இருந்தது. 1889-ல் ஜார்ஜ் சிஷோம் என்ற அறிஞர் ஆங்கிலத்தில் வெளியிட்ட வியாபார பூகோளக் கையேடு, உலகத்துச் சரக்குகளையும் அவை கிடைக்கும் இடங்களையும் விரிவாகத் தொகுத்துக் கொடுத்தது. நாளடைவில் இந்தப் பட்டியல் அறிஞர்களுக்குப் போதவில்லை. ஒரு தொழில் ஏன் இந்த ஊரில் இருக்கிறது? ஏன் அடுத்த ஊரில் இல்லை? இங்கே இருப்பதால் இந்த ஊராருக்குக் கிடைப்பது என்ன? நாளைக்கும் அது இங்கேயே இருக்குமா? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இன்றைய பொருளாதாரப் பூகோளத்தின் வேலை. அவற்றைக் காஞ்சிபுரத்தைக் கொண்டே ஆராய்ந்து பார்ப்போம்.

ஊரில் இல்லாதவை

சென்னையிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில், வேகவதி நதிக்கரையில் காஞ்சி நகரம் இருக்கிறது. சற்றுத் தெற்கே பாலாறு, வருஷத்தின் பெரும்பகுதி வெண்மணலாகக் கிடக்கிறது. ஊரைச் சுற்றி ஏரிகளும் நெல் வயல்களும். முசுக்கொட்டைச் செடி பயிராகும் சீமை இது அல்ல. சித்திரை, வைகாசியில் இங்கே அடிக்கும் வெயிலைப் பட்டுப் புழு தாங்காது. பொன் சுரங்கமோ வெள்ளிச் சுரங்கமோ கிட்டத்தில் எங்கும் இல்லை.

ஆகவே கடையில் விரித்துக் காட்டும் புடவையை ஒரு தேசப் படத்தைப் போலப் பார்க்க வேண்டும். அதிலுள்ள பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்குப் பேர் போன ஊர் குஜராத்தின் ஸூரத் நகரம். பட்டிழையின் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் முலாம் பூசுவதுதான் அசல் ஜரிகை. ஸூரத்தையே நம்பியிராமல் இருக்கவேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தைக் காஞ்சிபுரத்தில் மாநில அரசினர் நிறுவினர். சாயங்களுக்கும் வெளியூர்களைத்தான் எதிர்பார்க்க வேண்டும். வேகவதித் தண்ணீரில் அலசினால் சாயத்துக்குத் தனிப் பளபளப்பு ஏறும் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தண்ணீரைத் தவிர, புடவைக்கு வேண்டிய மூலப்பொருள் எதையும் காஞ்சி மண் தரவில்லை என்றே சொல்லலாம்.

அப்படியானால் தொழில் மட்டும் இங்கே எப்படி வேர் ஊன்றியது?

இலை முதல் இழை வரை

இதை அறியப் பட்டின் பிரயாணத்தை ஆரம்பத்திலிருந்து கவனிக்க வேண்டும்.

பட்டுப் புழு முசுக்கொட்டை இலையைத் தவிர வேறொன்றையும் தின்னாது. இலையும் வாடாமல் இருக்கவேண்டும். ஒரு கிலோ பட்டு நூல் கிடைப்பதற்கு நூறு கிலோவுக்கு மேற்பட்ட இலை புழுக்களின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். இவ்வளவு பசுந்தழையை வண்டியிலேற்றி நூறு மைல் கொண்டுபோவது நடக்கிற காரியமா? ஆகையால் செடி வளரும் கிராமத்திலேயே புழுவும் வளர்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூர்ப் பீடபூமியின் மிதமான சீதோஷ்ணம் இதற்கு மிகவும் ஏற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் மைசூரில் இந்தத் தொழிலுக்கு ஊக்கம் அளித்தார். நம் பக்கத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது நடப்பதற்குக் காரணமும் அந்தப் பீடபூமியின் அயல்தான்.

புழு கூடு கட்டியபின் இரண்டாவது கட்டம். ஒரு கிலோ நூலுக்குச் சுமார் ஏழு கிலோ கூடு வேண்டும். கூட்டை அதிக நாள் வைத்திருக்கவும் முடியாது. உள்ளிருக்கும் பூச்சி துளையிட்டு வெளியேறினால், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் வரவேண்டிய இழை துண்டு துண்டாகிவிடும். எனவே நூல் எடுக்கும் தொழிலும் கூடு விளையும் சீமையைவிட்டு அதிக தூரம் போவதில்லை. பெங்களூருக்கு அருகேயுள்ள ராமநகரத்தில் பிரசித்தமான பட்டுக்கூடுச் சந்தை இருப்பதும், அதைச் சுற்றி நூல் எடுப்போர் குழுமியிருப்பதும் இதனாலேதான்.

மூன்றாவது கட்டத்தில் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. நூலாகிவிட்ட பட்டு வாடாது, அழுகாது, அதில் பூச்சியும் இல்லை. கனமோ சொற்பம், விலையோ அதிகம். ஒரு புடவைக்கு வேண்டிய பட்டும் ஜரிகையும் சேர்ந்து அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைதான் இருக்கும். புடவையின் விலையோடு ஒப்பிட்டால், இதைப் பெங்களூரிலிருந்து கொண்டுவரும் வண்டிக் கூலி ஒரு பொருட்டே அல்ல.

கனத்தின் கணக்கு

இந்தக் கணக்கை ஒரு தத்துவமாக வகுத்தவர் ஜெர்மனி தேசத்து ஆல்ஃப்ரெட் வெபர். தொழில்கள் இடம் தேடிக்கொள்வதைப் பற்றி 1909-ல் அவர் எழுதிய நூல் இன்றும் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. செய்யும்போது கனம் குறைகின்ற பொருளை, மூலப்பொருள் கிடைக்கும் இடத்துக்கு அருகிலேயே செய்வது இலாபம் என்பது அவருடைய முக்கியமான முடிவுகளில் ஒன்று.

உதாரணங்கள் நம் நாட்டிலேயே வேண்டிய மட்டும் இருக்கின்றன. நூறு கிலோ கரும்பைப் பிழிந்தால் கிடைக்கும் சர்க்கரை சுமார் பத்துக் கிலோதான். ஆகையால் சர்க்கரை ஆலை கரும்புத் தோட்டங்களின் நடுவே நிற்கிறது; நெல்லிக்குப்பத்தைப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லைச் சுமந்து திரிவதைவிட சிமெண்டைச் சுமப்பது சுலபம். டால்மியாபுரத்து ஆலை கல் இருக்கும் இடத்திலேயே எழுந்தது. 1956-ல் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்தின் மின்சார நிலையங்கள் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் பக்கத்திலேயே இருக்கின்றன. இவையெல்லாம் மண்ணோடு கட்டுண்ட தொழில்கள். கரியோ கல்லோ அங்கே இருக்கும் வரையில் தொழிலும் அங்கே இருக்கும்.

பட்டு நெசவை அப்படிக் கட்டிப்போடக் கயிறு ஒன்றும் இல்லை. வெபர் கணக்குப்படி பார்த்தால், புடவையைக் காஞ்சியில்தான் நெய்யவேண்டும் என்பதில்லை; கன்னியாகுமரியிலும் நெய்யலாம், காசியிலும் நெய்யலாம். மூலப்பொருள் கட்டிப்போடாத தொழிலைக் கட்டிப்போடுவது வேறு எது? மனிதருடைய கைதான்.

கைகள் வந்த வழி

காஞ்சி பல்லவர்களின் தலைநகரம். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இந்த நகருக்கு வந்து போனார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி ராஜசிம்ம பல்லவன் கைலாசநாதர் கோயிலைக் கட்டுவித்தான். அரசர் இருக்கும் ஊரில் ஆடைக்குக் கிராக்கி உண்டு. கோயில் இருக்கும் ஊரில் சுவாமிக்கும் அம்மனுக்கும் வஸ்திரம் வேண்டும்; உற்சவத்துக்கு வரும் ஜனங்களும் வெறுங்கையோடு திரும்பிப் போவதில்லை.

பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனுடைய செப்பேடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காஞ்சியில் ஒரு கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு, நகரத்துச் சேரிகளில் குடியிருந்த நெசவாளரிடம் விடப்பட்டதை அவை தெரிவிக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நெசவாளர் இவ்வூரில் பொறுப்பும் மதிப்பும் பெற்றிருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சாலியர், செங்குந்தர், தேவாங்கர், சௌராஷ்டிரர் என்று பல சமூகத்தார் வெவ்வேறு காலங்களில் இங்கே குடியேறித் தறி போட்டார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிர பாஷையும் நெசவுத் தெருக்களில் கலந்து ஒலித்தன. காஞ்சிப் பட்டைத் தமிழ் நாட்டின் தனிச் சொத்து என்று நாம் கொண்டாடுவதில் பிழையில்லை. ஆனால் பாரத தேசத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் சேர்த்து வைத்த சொத்து அது என்பதையும் மறக்கலாகாது.

அரசர்கள் போய்விட்டார்கள், தலைநகரப் பெருமையும் போய்விட்டது. தறிகள் மட்டும் நின்றன. ஒரு தொழில் தோன்றியதற்கான காரணம் மறைந்தபிறகும் தொழில் அங்கேயே நிலைத்து நிற்பதைப் பொருளாதாரப் பூகோளத்தில் பல இடங்களிலும் காணலாம். அப்படி நிற்பதற்கும் ஒரு காரணம் உண்டு.

தெருவே கல்லூரி

பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் விடியற்காலையில் நடந்து பார்த்தால் அந்தக் காரணம் விளங்கும். தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, சீர் செய்துகொண்டிருப்பார்கள். ஒரு வீட்டில் நூலுக்குச் சாயம் ஏறும். வேறொரு வீட்டில் பெண்கள் ஊடைக்கு நூல் சுற்றுவார்கள். இன்னொருவர் கரைக்கும் முந்தானைக்கும் சித்திரம் வகுத்து, ஜக்கார்டு யந்திரத்துக்கு அட்டை குத்துவார். மயில் கண், ருத்திராட்சம், வைர ஊசி, கோபுரம், அன்னம், யாளி என்று அந்தச் சித்திரங்களுக்குப் பெயர்கள். உள்ளே, தரையில் தோண்டிய பள்ளத்தில் கால்களை இறக்கி, குழித்தறியில் நெசவாளர் உட்கார்ந்திருப்பார்.

அட்டை குத்துபவர் ஒருவர் பிழைக்க வேண்டுமானால் அவருக்கு எத்தனையோ தறிகளின் வேலை வேண்டும். ஒரே ஒரு தறி உள்ள ஊரில் அவர் இருக்க முடியாது. அவர் இல்லாத ஊரில் தறியும் இருக்க முடியாது. இப்படி ஒருவரையொருவர் தாங்கி நிற்பவர்கள் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால், பிறகு அவர்களை அசைப்பது கடினம். இங்கிலாந்தின் பொருளாதார ஆசிரியர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890-ல் வெளியான தமது நூலில் இந்த விஷயத்தை எடுத்து விளக்கினார். ஒரே தொழில் செய்வோர் கூடி வாழும் ஊரில் தொழில் நுட்பம் ரகசியமாக இராது, குழந்தைகள் அதைத் தம்மை அறியாமலே கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. தொழில்கள் ஓரிடத்தில் திரள்வதைப் பற்றி 1991-ல் புதிய கணக்கு வகுத்துக் காட்டிய அமெரிக்கர் பால் க்ருக்மன் 2008-ல் நோபல் பரிசு பெற்றார். சிவகாசியில் தீப்பெட்டியும் திருப்பூரில் பின்னலாடையும் திரண்டதற்கும் இதே காரணத்தைப் பெரிதும் சொல்லலாம்.

காஞ்சி நெசவின் சிகரம் கோர்வை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடையால் நெய்து, நெய்யும்போதே வரிக்கு வரி பூட்டிக்கொண்டு போகவேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்கு உதவியாகப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். இம்மாதிரிப் புடவை ஒன்று முடியப் பத்து நாளும் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம். இந்த வித்தையைப் புத்தகம் படித்துக் கற்றவர் யார்? தறியின் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து கற்றதுதான்.

சாலை கொண்டுவந்த கேள்வி

இனி நான்காவது கேள்விக்கு வருவோம். நாளைக்கும் தொழில் இங்கேயே இருக்குமா?

காஞ்சிக்குச் சமீபமாகச் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை போகிறது. அதன் வழியே சென்னைப் பக்கம் போனால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. சற்றுத் தள்ளி ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய்க் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. பின்னர் ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலையும், ஸ்ரீபெரும்புதூரில் கைத்தொலைபேசித் தொழிற்சாலைகளும் வந்தன. துறைமுகம், அகன்ற சாலை, படித்த வாலிபர்கள், அரசினர் தந்த சலுகை ஆகியவை அவற்றை அங்கே அழைத்து வந்தன. இதுவும் பொருளாதாரப் பூகோளமே.

நெசவாளர் வீட்டு வாலிபனுக்கு அந்தப் பக்கம் மாதச் சம்பளம் காத்திருக்கிறது. இந்தப் பக்கம் தறிக்கூலி. பட்டு விலை ஏறினால் கிராக்கி குறையும். மழைக் காலத்தில் தெருவில் பாவு கட்ட முடியாது, தறிப் பள்ளத்திலும் ஈரம் ஊறும். வேலை நின்ற நாளுக்குக் கூலி ஏது? வாலிபன் எந்தப் பக்கம் போவான் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.

கைத்தறித் தொழிலாளரைப் பற்றி எடுத்த அகில இந்தியக் கணக்கு இதை இலக்கத்தில் காட்டுகிறது. 1995-96-ல் தேசத்தில் சுமார் 65 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருந்தார்கள். 2009-10-ல் அது 43 லட்சமாகக் குறைந்தது. 2019-20-ல் 35 லட்சம். இருபத்துநான்கு வருஷத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் தறியை விட்டுப் போய்விட்டார்கள்.

இதைக் கேட்டு உடனே கண்ணீர் விடுவது சுலபம். ஆனால் ஓர் உண்மையை ஒளிக்கக் கூடாது. கோர்வைக்கு இன்னொருவர் வேண்டும் என்று மேலே சொன்னோமே, அந்த இன்னொருவர் முன்னெல்லாம் அநேகமாக ஒரு சிறுவனோ சிறுமியோதான். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் காஞ்சித் தறிகளில் குழந்தைகள் உழைத்த விஷயம் 1990-களில் தேசம் முழுவதும் தெரிந்தது. சட்டத்தினாலும் பலருடைய முயற்சியினாலும் அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். அதை நஷ்டம் என்று யார் சொல்வார்? 1909-ல் காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஒரு பிள்ளை, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்று, 1967-ல் மாநிலத்தின் முதல் அமைச்சர் ஆனார். அவர்தான் சி. என். அண்ணாதுரை. தறியைவிட்டுக் கல்லூரிக்குப் போவது தாழ்வல்ல.

குழந்தையின் மலிவான உழைப்பை நம்பி நின்ற கலை, வளர்ந்த மனிதனுக்கு ஏற்ற கூலியைத் தந்து நிற்க முடியுமா என்பதே இப்போதைய கேள்வி. முடியாவிட்டால் காஞ்சிக்கு நேரக்கூடியது என்ன? நெய்வேலிக்கு அடியில் நிலக்கரி இருப்பதுபோல் காஞ்சிக்கு அடியில் ஒன்றும் இல்லை. தெரிந்த கைகள் ஒரு தலைமுறை விலகிவிட்டால், தெரியாத கைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இராது. பட்டு நூல் அப்போதும் பெங்களூரிலிருந்து வரும். புடவைக் கடைகளும் காந்தி ரோட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும். புடவை மட்டும் வேறெங்கேயோ நெய்யப்பட்டு வரும்.

தொழிற்சாலை நிரந்தரம் என்றும் சொல்வதற்கில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியாத் தொழிற்சாலை 2014-ல் நின்றுபோயிற்று. சாலையாலும் சலுகையாலும் வந்த தொழில், அதைவிட நல்ல சாலையும் சலுகையும் கிடைத்தால் வேறிடம் போய்விடலாம். ஓர் ஊருக்கு இரண்டு விதத் தொழிலும் இருப்பதுதான் பத்திரம்.

பெயரும் கையும்

இந்த ஆபத்தை அரசினர் உணராமல் இல்லை. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-ல் ஒரு சட்டம் வந்தது. ஊரின் பெயரையே அந்த ஊர்த் தொழிலாளரின் உடைமையாக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறியது. காஞ்சிபுரம் பட்டு 2005-06-ல் அதன்கீழ்ப் பதிவாயிற்று. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல, நூலைக் கொடுத்துப் புடவையைப் பெற்றுக் கூலி கொடுத்து வருகின்றன. 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தமிழ் நாடெங்கும் கடை வைத்துக் கைத்தறித் துணியை விற்கிறது. நல்ல ஏற்பாடுகளே. ஆனால் சட்டம் காப்பது பெயரை. கையைக் காப்பாற்ற வேண்டியவர்கள் புடவை வாங்குகிறவர்கள்.

1905-ஆம் வருஷம் ஆகஸ்டு 7-ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய மகாஜனங்கள், அந்நியத் துணியை விலக்குவதென்று தீர்மானித்துச் சுதேசி இயக்கத்தைத் தொடங்கினார்கள். அந்த நாளின் நினைவாகவே 2015 முதல் ஆகஸ்டு 7 தேசீயக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று தேசத்தார் துணிக்கடையில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இது எங்கே நெய்தது?" அது தேசபக்தர்களின் கேள்வி, கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் பொருளாதாரப் பூகோளத்தின் முதற் கேள்வியும் அதுவே.

ஆகவே, கல்லூரியில் இந்தப் பாடத்தைத் தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: பித்தளைக் குத்துவிளக்கு, கோரைப் பாய், உப்பு ஜாடியிலுள்ள உப்பு, எதுவானாலும் சரி. அது எங்கே உண்டாயிற்று, ஏன் அங்கே உண்டாயிற்று, அதைச் செய்தவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும், அவர் பிள்ளை அந்தத் தொழிலைச் செய்வானா என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பாதிப் பாடம் அப்போதே படித்ததாகும்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகூர்த்தப் புடவை வாங்கும்போது நிறத்தையும் ஜரிகையையும் பார்ப்பதோடு, "இதற்குக் குறியீட்டு முத்திரை உண்டா? கைத்தறிதானா? எந்தத் தெருவில் நெய்தது?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் பதிலைத் தயாராக வைத்துக்கொள்வார். நாலாயிரம் பேர் கேட்டால், அந்தத் தெருவில் தறி போட்டிருப்பவர் தம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, படிப்பு முடிந்தபிறகு அவனுக்கு விருப்பமிருந்தால், கோர்வை பூட்டக் கற்றுக்கொடுக்கத் துணிவார்.